பரிவைக் கற்பிப்பது யார்? – தாதியர் பயிற்சியும் சப்பிரகமுவத் தோட்டங்களும்

ஆஸ்பத்திரிக்குப் போய் மீண்டவர்கள் சொல்லும் குறைகளில், மருந்து இல்லை என்பதற்கு அடுத்தபடியாக நம் காதில் விழுவது, "அந்த மிஸ்ஸி முகங்கொடுத்துப் பேசவில்லை" என்பதேயாகும். இதைக் கேட்டவுடன் நம்மவர்கள் இரண்டு விடைகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். பரிவு பிறவிக் குணம், அது உள்ளவரைப் பொறுக்கி எடுத்தாற் போதும் என்பது ஒரு விடை. தாதியர் கல்லூரியில் ஒழுக்கப் பாடம் இரண்டு கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மற்றொரு விடை. இவ்விரண்டும் தாதியின் நெஞ்சைத் தோண்டிப் பார்க்கின்றனவே தவிர, அவள் பயின்ற இடத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. இருபது வயதில், பிறர் துன்பம் காணப் பொறாத மனத்தோடு கல்லூரிக்கு வரும் பெண், மூன்றாண்டு வாட்டுப் பயிற்சியின் முடிவில் எப்படிப்பட்டவளாக வெளியேறுகிறாள்? அவளுக்குப் பரிவைக் கற்பிப்பது யார்? அதை மறக்கக் கற்பிப்பது யார்? இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்தும் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் காய்ச்சலோடும் பிரசவ வலியோடும் வந்து சேரும் தொழிலாளருக்கு இந்த வினா வெறும் கல்வியியல் வினாவன்று. அவர்களுடைய உயிர் சில வேளைகளில் இதன் விடையிலேயே தங்கியிருக்கிறது.

பரிவைப் பற்றிய நூல்களுக்குப் பஞ்சமில்லை. 1860இல் லண்டன் சென்ட் தோமஸ் ஆஸ்பத்திரியில் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பயிற்சிப் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்தே, தாதியின் திறமையோடு அவளுடைய நடத்தையும் பயிற்சிக்குரிய பொருளாகக் கருதப்பட்டு வந்திருக்கிறது. 1979இல் அமெரிக்கரான ஜீன் வாட்சன், பராமரிப்பைத் தாதியத்தின் மையமாக வைத்து, அதன் கூறுகளைப் பத்தாக வகுத்து ஒரு நூல் எழுதினார். அதன் பின் பரிவை அளந்து பார்க்கும் வினாக்கொத்துகள் பல வெளிவந்தன. நோயாளி சொல்வதைப் பொறுமையோடு கேட்கிறேனா, அவருக்கு மதிப்பளிக்கிறேனா என்பன போன்ற வாக்கியங்களுக்கு மாணவி புள்ளியிட வேண்டும். புள்ளிகளைக் கூட்டினால் அவளுடைய பரிவின் அளவு கிடைத்துவிடுமாம்.

இவ்வளவைகளை முற்றாக ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. அவற்றைக் கொண்டு செய்த ஆய்வுகளே ஒரு கசப்பான செய்தியை வெளிக்கொணர்ந்தன. 2009இல் வேல்ஸ் நாட்டுத் தாதிய மாணவரிடையே நடந்த ஆய்வொன்றில், பராமரிப்பு நடத்தையில் முதலாண்டு மாணவரே மூன்றாமாண்டு மாணவரைவிடக் கூடிய புள்ளி பெற்றனர். 2012இல் அமெரிக்காவில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நோயாளரோடு கூடுதலாகப் பழகிய தாதிய மாணவரிடத்திலேயே பிறர் துன்பத்தை உணரும் தன்மை கூடுதலாகக் குறைந்தது எனக் கூறிற்று. பயிற்சி கூடக் கூடப் பரிவும் கூடும் என்று நம்பியிருந்தோர் திகைத்துப் போயினர்.

நாம் இதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. வாட்டு ஒரு பாடசாலை. அங்கே பாடத்திட்டத்தில் எழுதாத பாடங்களும் நடக்கின்றன. மாணவி அவற்றையும் கற்கிறாள். பரீட்சைக்குரிய பாடங்களைவிட நன்றாகவே கற்கிறாள். வினாக்கொத்தின் குறை, அது இந்த எழுதாத பாடத்தைக் காணாமையே. "நோயாளிக்குச் செவிசாய்க்கிறேன்" என்ற வாக்கியத்துக்கு நேரே புள்ளியிடும் மாணவி எந்த நோயாளியை நினைத்துக்கொண்டு புள்ளியிட்டாள்? தன் மொழி பேசும் பாடசாலை ஆசிரியரையா, அல்லது யட்டியாந்தோட்டைப் பக்கத்து லயத்திலிருந்து வந்த பால்வெட்டும் பெண்ணையா? அந்த வினா அங்கே இல்லை.

எழுதாத பாடத்தைக் கண்டு எழுதியவர்களுள் முதன்மையானவர் இசபெல் மென்சிஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர். லண்டனிலுள்ள போதனா ஆஸ்பத்திரி ஒன்றின் தாதியர் சேவையை ஆராய்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை 1960இல் வந்தது. நோவும் சாவும் நிறைந்த இடத்தில் வேலை செய்பவருக்கு அச்சமும் பதைப்பும் எழுவது இயல்பு. அந்தப் பதைப்பை மாணவி தாங்கிக்கொள்ள உதவுவதற்குப் பதிலாக, பதைப்பே எழாதபடி ஆஸ்பத்திரி தன் வேலைமுறையை அமைத்துக்கொண்டது என்பது அவருடைய முடிபு. ஒரு நோயாளியின் முழுப் பராமரிப்பும் ஒரு தாதியிடம் விடப்படவில்லை. வேலை துண்டு துண்டாக உடைக்கப்பட்டது. ஒருத்தி எல்லாருக்கும் வெப்பமானி வைப்பாள். இன்னொருத்தி எல்லாருக்கும் மருந்து கொடுப்பாள். நோயாளிக்குப் பெயர் போய்க் கட்டில் இலக்கமும் பழுதுபட்ட உறுப்பும் எஞ்சின. தூங்கும் நோயாளியை எழுப்பித் தூக்க மாத்திரை கொடுக்கும் அளவுக்குச் சடங்கு முற்றியது. மாணவியரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் பயிற்சியை முடிக்கவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் தாமாகவே விலகினர். இப்படி விலகியோருள் மனமுதிர்ச்சியும் திறமையும் கூடியவர்களே பலர் என்பது அக் கட்டுரையில் நம்மை வருத்தும் செய்தி.

ஆனால், லண்டன் ஆஸ்பத்திரியில் தாதியும் நோயாளியும் பெரும்பாலும் ஒரே மொழி பேசினர். அங்கே அவர்களைப் பிரித்தது வேலைமுறை என்னும் ஒரு சுவர். சப்பிரகமுவவிலோ அதற்கு மேலும் சுவர்கள் உண்டு. அவை எழும்பிய வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

இலங்கைத் தோட்டங்களில் வைத்தியம் தொழிலாளியின் உரிமையாகப் பிறக்கவில்லை. கோப்பிக் காலத்தில், 1872இல், பிரித்தானிய ஆட்சி கொண்டுவந்த வைத்தியத் தேவைகள் சட்டமே தோட்ட வைத்தியத்துக்கு அடியிட்டது. கூலி குறைந்த உழைப்பாளர் மாண்டு போனால் தோட்டம் நடவாது என்ற கணக்கு அதன் அடியில் இருந்தது. 1916இல் ரொக்பெலர் ஸ்தாபனம் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தோட்டங்களில் தொடங்கியபோதும் அதே கணக்கு ஓங்கி நின்றது. புழுவைப் பேதி மருந்தால் வெளியேற்ற இணங்கிய துரைமார், மலசலகூடம் கட்டப் பணம் செலவிடத் தயங்கினர். வெளியேறிய புழு வெறுங்காலின் வழியாக மீண்டும் உடம்பில் ஏறியது. தொழிலாளியின் உடம்புக்கு மருந்து கிடைத்தது. அவன் வாழ்வுக்குக் கிடைக்கவில்லை.

பின் வந்த காலத்திலும் நிலை பெரிதாகத் திரும்பவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம் மக்களை நாடற்றவராக்கிற்று. 1972இலும் 1975இலும் நிலச்சீர்திருத்தத்தின் மூலம் தோட்டங்கள் அரசுடைமையாயின. இடையில் 1973–74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில், நாட்டின் மற்றெந்தப் பகுதியையும்விடத் தோட்டங்களிலேயே இறப்பு கூர்மையாக ஏறிற்று. 1992இல் தோட்ட முகாமை தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்க சுகாதார சேவையோடு சேர்க்கும் வேலையோ தவணை தவணையாக இழுபட்டது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குச் சுமார் 17 பேர். தோட்டங்களிலோ நூற்றுக்குச் சுமார் 32 பேர். இந்தப் பிள்ளைகளின் தாய்மாரே வாட்டுக்கு வருகிறார்கள்.

சப்பிரகமுவவுக்கென ஒரு தனி இக்கட்டும் உண்டு. நுவரெலியாவில் தோட்டத் தமிழர் திரளாக வாழ்கின்றனர். தெரணியகலை, தெஹியோவிற்ற, இறக்குவானை, பலாங்கொடை, கஹவத்தை முதலிய பகுதிகளிலோ தோட்டங்கள் சிங்களக் கிராமங்களின் நடுவே தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கின்றன. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலை இங்கே அரிது. விஞ்ஞானத்தில் தேறாமல் தாதியர் கல்லூரிக்குள் நுழைய முடியாது. ஆகவே தோட்டத்துப் பெண் இரத்தினபுரித் தாதியர் கல்லூரியின் வாசலை அடைவதும் அரிதாகிறது. அவள் ஆஸ்பத்திரிக்கு நோயாளியாக வருகிறாள், தாதியாக வருவதில்லை.

இனி ஒரு வாட்டுக்குள் செல்வோம். பெயரும் ஊரும் வேண்டாம். எங்கும் நிகழக்கூடியதையே சொல்கிறோம். இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து மூன்று நாட் காய்ச்சலோடு ஒரு பெண் வந்திருக்கிறாள். முதல் நாள் காய்ச்சலோடு வேலைக்குப் போய், நண்பகலில் திரும்பி, அரைப் பேரோடு நின்றவள். தோட்டத்து டிஸ்பென்சரியின் வில்லைகள் கேளாமற் போகவே துண்டோடு அனுப்பப்பட்டாள். அவளருகே வருபவள் இரண்டாமாண்டு மாணவி. ஒரு சிங்கள விவசாயியின் மகள். ஏழைமை அவளுக்கும் புதிதன்று. நோயாளியிடம் உன் பெயரைச் சொல், அவள் பெயரைக் கேள், செய்யப்போவதை விளக்கு, ஒப்புதல் பெறு என்று வகுப்பில் கற்றவள் அவள். தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொற்களைக் கூட்டித் தொடங்குகிறாள். அதற்குள் மூத்த தாதி ஒருவர், இன்னும் பதினான்கு கட்டில் பார்க்க வேண்டும், அந்த அம்மாவோடு பேசி என்ன ஆகப்போகிறது, ஊசியைப் போட்டுவிட்டு வா என்கிறார். அவர் கெட்டவர் அல்லர், காலையிலிருந்து உட்காராதவர். கட்டிலிற் கிடந்தவளோ எதைக் கேட்டாலும், "சரிங்க மிஸ்ஸி" என்கிறாள். நோயாளி ஒத்துழைக்கிறார் என்று மாணவி ஏட்டில் எழுதிக்கொள்கிறாள்.

இந்தச் "சரிங்க" எங்கே கற்றது? பெரட்டுக்களத்திற் கற்றது, கங்காணியின் முன்னும் துரையின் முன்னும் தலைமுறை தலைமுறையாகக் கற்றது. இங்கே இரண்டு பயிற்சிகள் ஒரே கட்டிலருகே சந்திக்கின்றன. தோட்டம் தொழிலாளப் பெண்ணைப் பணியப் பயிற்றியிருக்கிறது. வாட்டு மாணவியை விரையப் பயிற்றுகிறது. ஒன்று மற்றொன்றுக்கு வசதியாகிவிடுகிறது. மறுபேச்சில்லாத நோயாளியிடம் வேலை சீக்கிரம் முடியும். அவ்வாறு முடிவதே நல்ல வேலை என்று மாணவி கண்டுகொண்ட அன்று, வகுப்பிற் படித்த பத்துக் கூறுகளும் அவள் பெட்டியின் அடியில் போய்ச் சேர்கின்றன. பயிற்சியிற் பரிவு கரைகிறது என்று ஆய்வுகள் சொல்வதை நாம் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறோம்.

அப் பகுதித் தோட்ட மக்களுக்குச் சிங்களம் தெரியுமே என்று சிலர் கேட்பர். உண்மைதான், கடையிற் சாமான் வாங்கவும் பஸ்ஸில் இடம் கேட்கவும் தெரியும். ஆனால் வலி எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது, மாதவிலக்கு எத்தனை நாள் தள்ளிப் போயிற்று, வீட்டில் அடி விழுந்ததா என்பவற்றைச் சொல்லக் கடைமொழி போதாது. சப்பிரகமுவ எலிக்காய்ச்சல் மலிந்த பகுதி. காய்ச்சலோடு வந்தவளிடம் எங்கே வேலை செய்தாய், தண்ணீர் தேங்கிய இடத்தில் வெறுங்காலோடு நின்றாயா, காலில் புண் உண்டா, சிறுநீர் குறைந்ததா என்று கேட்பதே நோயை நேரத்தோடு பிடிக்கும் வழிகளுள் ஒன்று. இங்கே பரிவோடு கேட்பதும் அறிவோடு கேட்பதும் ஒரே செயலாகின்றன. கேட்க மொழியின்றேல் இரண்டும் ஒருங்கே கெடுகின்றன.

ஒப்புதல் என்பது இதைவிடக் கனத்த விடயம். தோட்டப் பெண்களிடையே கருத்தடைச் சத்திரசிகிச்சை பரவிய விதத்தைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பணக்கொடையும் நிர்வாகத்தின் தூண்டுதலும் ஒருபுறம், விளங்காத மொழி மறுபுறமாக, அறிந்து அளித்த ஒப்புதல் பல வேளைகளில் இருந்ததில்லை என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. விளங்காத தாளில் இட்ட கைநாட்டும், வாட்டிற் கேட்ட "சரிங்க மிஸ்ஸி"யும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. பணிவைச் சம்மதமென்று எடுத்துக்கொள்ளப் பழகிய கை, ஊசியோடு நின்றுவிடும் என்று எவர் உறுதி சொல்ல முடியும்?

இவ்விடத்தில் இரண்டு தவறுகளுக்கு எதிராக நம்மை நாமே எச்சரித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, பயிற்சியையே பகையாகக் காண்பது. வாட்டுப் பயிற்சி கொடுப்பவற்றுட் சில விலைமதிப்பற்றவை. நரம்பைத் தேடி நாலு முறை குத்தாமல் ஒரே முறையில் ஊசியேற்றும் கை, படுக்கைப்புண் வராமல் நேரந்தவறாது நோயாளியைப் புரட்டிவிடும் ஒழுங்கு, இரத்தப்போக்கைக் கண்டும் கலங்காத மனம் ஆகிய இவையும் பரிவே. கண்ணீர் மட்டும் இருந்து கைத்திறன் இல்லாத தாதி நோயாளிக்குப் பயன்படமாட்டாள். நம் முறைப்பாடு, இந்தத் திறன்களோடு சேர்த்து யாரை மதிக்க வேண்டும், யாரை மதிக்காவிட்டாலும் பாதகமில்லை என்ற வரிசையையும் வாட்டு கற்பித்துவிடுகிறது என்பதே.

இரண்டாவது தவறு நம் அணியிலேயே உள்ளது. சமுதாய அமைப்பு மாறினால் தாதியும் மாறுவாள், அதுவரை பேசிப் பயனில்லை என்று கைகட்டி நிற்பது முற்போக்கு ஆகாது. அமைப்பு வானத்திலே தொங்கவில்லை; வாட்டிலும் வகுப்பறையிலும் மனிதர் மனிதரோடு நடந்துகொள்ளும் முறையிலேயே அது நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. 1992இல் பாம் சிமித் என்னும் ஆங்கிலத் தாதி, தாதிய மாணவரின் மனவுழைப்பைப் பற்றி எழுதிய நூலில் ஒரு செய்தி உண்டு: வாட்டின் சூழலை நிர்ணயிப்பவர் பெரும்பாலும் அதன் தலைமைத் தாதியே, அவர் மாணவியரை மனிதராக நடத்திய வாட்டுகளில் மாணவியரும் நோயாளரை மனிதராக நடத்தினர். இந்தச் சிறு வட்டத்துக்குள்ளேயே மாற்றத்துக்கு இடமிருக்கிறது. அந்தத் தலைமைத் தாதிக்குப் போதிய ஆட்களைக் கொடுக்கும்படி போராடுவதும் நம் வேலையே. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் தாதியர் பலர் கடல் கடந்து போய்விட்ட நாட்டில், எஞ்சியோரைப் பார்த்துப் பரிவில்லை என்று பழிப்பது எளிது, நியாயமன்று.

பரிவை எப்படிக் கற்பது என்பதற்குச் சப்பிரகமுவ மண்ணிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் இந் நாட்டிற் சுமார் எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. கேகாலை மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்ட இடங்களுள் ஒன்று. அப்போது சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்குட் சென்றனர். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் அந்நிவாரண வேலையில் முன்னின்றவர்கள். காய்ச்சலுக்குப் பின்னால் பசி நிற்பதை அவர்கள் வீடுகளுக்குட் சென்றதனாற் கண்டார்கள். மருந்தோடு பருப்பும் பகிர்ந்தார்கள். மார்மைற்றை உருட்டி வில்லைகளாக்கிக் கொடுத்தார்கள். பருப்பு மாத்தயா என்று என். எம். பெரேராவுக்குப் பெயர் விழுந்ததும் அதனாலேயே. 1936இல் உருவன்வல்லை மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். அந்த இளைஞர்களுள் பெரும்பாலோர் தாதியத்தில் ஒரு பாடமேனும் பயின்றவரல்லர். நோயாளியின் அடுப்படிவரை சென்ற நடையே அவர்களுக்கு ஆசானாயிற்று. நோயாளியைக் கட்டிலில் மட்டும் கண்டவர் நோயைக் காண்பார்; வீட்டிற் கண்டவரோ நோயின் காரணத்தையும் காண்பார்.

இதிலிருந்து நாம் வேண்டுவன சிலவே. தாதிய மாணவர் வாட்டுக்குட் கால்வைக்கும் முன், தோட்டப் பகுதியின் குடும்பநல மருத்துவமாதுவோடு சில வாரங்கள் லயம் லயமாக நடக்க வேண்டும். விடியற்காலைப் பெரட்டையும் பிள்ளை மடுவத்தையும் பத்தடிக் காம்பராவையும் பார்க்க வேண்டும். முதலாண்டிலேயே சிங்கள மாணவிக்குப் பேச்சுத் தமிழும், தமிழ் மாணவிக்குப் பேச்சுச் சிங்களமும் கற்பித்து, அதன் பரீட்சையைக் கட்டிலருகே வைக்க வேண்டும். 1987இலேயே தமிழும் ஆட்சிமொழியாயிற்று. புதிதாகச் சேரும் அரசாங்க உத்தியோகத்தர் ஐந்தாண்டுக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டுமென 2007இல் சுற்றறிக்கையும் வந்தது. எனினும் நியமனத்துக்குப் பின் எழுதும் பரீட்சை, பயிற்சிக் காலத்தில் இறுகிப்போன பழக்கத்தை இளக்குவதில்லை. மாணவியரை ஆட்பற்றாக்குறைக்கு ஒட்டுப்போடும் கைகளாகக் கணக்கிடும் வழக்கமும் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞான வகுப்புகள் திறக்க வேண்டும். தோட்டத்தின் மகள் தாதியாக வாட்டுக்குள் வரும் நாளில், தமிழ் பேசும் நோயாளர் அனைவரையும் அவள் தலையிற் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது. மொழிபெயர்ப்பாளராக இருக்க அவள் வரவில்லை, தாதியாக வந்திருக்கிறாள்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களே, உங்கள் வகுப்பிலிருந்தே அந்த மாணவி போகப்போகிறாள். மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை அந்தக் கட்டிலருகே நிற்கப்போகிறீர்கள். அங்கே "சரிங்க மிஸ்ஸி" என்ற குரலைக் கேட்டால், அதோடு திருப்தியடைந்து போய்விடாதீர்கள். எது சரி, எது விளங்கவில்லை, எங்கே வலிக்கிறது என்று இன்னொரு முறை கேளுங்கள். எதற்கும் சரியென்று பழகிய அந்த அம்மா, ஒரு நாள் உங்களைப் பார்த்து, "இந்த ஊசி எதுக்கு மிஸ்ஸி?" என்று திருப்பிக் கேட்பாளாயின், உங்கள் பயிற்சி பலித்துவிட்டது என்று கொள்ளலாம்.